ஒன்றாம் வகுப்பும் அச்சமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'இளங்குழந்தைகளிடம் தன்னம்பிக்கை வளர்த்தல்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். பேச ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு ஒரு தயக்கம் வந்தது. தன்னம்பிக்கை என்றாலே மேடை, ஒலிபெருக்கி, 'உன்னால் முடியும்' என்கிற முழக்கம் எல்லாம் வந்துவிடுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அதன் மனத்தில் ஓடுகிற கேள்விகள் வேறு. விட்டுவிட்டுப் போன அம்மா திரும்பி வருவாளா? ஒன்றுக்கு வந்தால் யாரிடம் கேட்பது? தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? சோறு எப்போது? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்ட பிள்ளை, யாரும் ஊக்கப்படுத்தாமலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். விடை தெரியாமல் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் 'பயந்த சுபாவம்' என்று பெயர் வைத்து, அதை ஏதோ பிறவிக் குணம்போலப் பதிவேட்டிலும் எழுதிவிடுகிறோம். ஒன்றாம் வகுப்பில் தைரியம் என்பது பெரும்பாலும் பெரியவர்கள் செய்துவைக்கிற ஏற்பாட்டைப் பொறுத்தது. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன். பணிக்காலம் முழுவதும் தொடக்கப் பள்ளியிலேயே கழித்தவள் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் எந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை அழும். அதைப் பார்த்து, அதுவரை சும்மா இருந்த இன்னும் நாலு பிள்ளைகள் அழும். அப்போது நம் ஊரில் எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "நீ போம்மா, அவன் பாக்காதப்ப போயிடு, கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்." அம்மாவும் பிள்ளையின் கவனத்தைப் பொம்மையிலோ குருவியிலோ திருப்பிவிட்டு நழுவிவிடுவாள். பத்து நிமிடத்தில் அழுகை நின்றுபோவதும் உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட முதல் பாடம் என்ன? கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பது. மறுநாள் அது பொம்மையைப் பார்க்காது. அம்மாவின் முந்தானையை விடாது.

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் இந்தப் பிரிவை நெருக்கமாகக் கவனித்தவர்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தாயைப் பிரிந்து இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி ராபர்ட்சன் எடுத்த படம் 1952இல் வெளிவந்தது. அந்தக் காலத்து மருத்துவமனைகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு. 'குழந்தை இரண்டு நாள் அழும், பிறகு பழகிவிடும்' என்பது மருத்துவர்களின் நம்பிக்கை. ராபர்ட்சன் காட்டியது வேறு. முதலில் குழந்தை எதிர்த்து அழுகிறது. பிறகு சோர்ந்து அடங்குகிறது. அதன் பிறகு தாயே வந்தாலும் முகம் திருப்பிக்கொள்கிறது. 'பழகிவிட்டது' என்று பெரியவர்கள் நிம்மதி அடைந்த அந்த அமைதிதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய கட்டம். பள்ளி மருத்துவமனை அல்ல, ஐந்து வயது இரண்டு வயதும் அல்ல. ஒப்பீட்டை அதிகம் நீட்டக் கூடாது. இருந்தாலும் மூன்றாம் வாரத்தில், "இப்ப அழறதே இல்ல, கம்முனு உக்காந்திருக்கான்" என்று ஓர் ஆசிரியர் பெருமையாகச் சொல்லும்போது, அந்தக் கம்மென்ற அமைதி எந்த வகை என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாய்விட்டு அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அழுகையும் கேட்பதற்கு ஒரு வழி.

பௌல்பியுடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த், 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். பின்னாளில் அமெரிக்காவின் பால்டிமோரிலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். அவர் கண்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்த குழந்தைதான் துணிந்து விலகிப் போய் விளையாடுகிறது. நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாகச் சொல்வோம். ரொம்ப இடம் கொடுத்தால் பிள்ளை ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று. ஆனால் வகுப்பறையில் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டே முதல் வாரம் திரிந்த பிள்ளைதான் ஆடி மாதத்தில் மைதானத்தின் கடைசி மூலைக்கு ஓடும்.

ஜெர்மனியின் மழலையர் காப்பகங்களில் 'பெர்லின் முறை' என்று ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையுடன் அறையிலேயே இருப்பார்கள். நான்காம் நாள்தான் முதல் பிரிவு. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, அதுவும் சொல்லிக்கொண்டு. அந்த நாள் திங்கட்கிழமையாக வந்தால் தள்ளிப்போடுவார்கள். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்த குழந்தைக்கு அன்று பிரிவு வேண்டாம் என்பதற்காக. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜூனில் நாற்றங்கால் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற அம்மாவிடம் போய், மூன்று நாள் வந்து உட்காருங்கள் என்று சொல்ல முடியுமா? கூலியை யார் கொடுப்பது? ஆகவே ஜெர்மனிக்காரர்களின் கால அட்டவணை நமக்கு வேண்டாம். அதன் உள்ளே இருக்கிற இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, சொல்லிக்கொண்டு போவது. "சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மணி அடிச்சதும் நான் இந்த வேப்ப மரத்துக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போவது, சொன்ன இடத்தில் நிற்பது. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்குச் சோறும் தூக்கமும் மணியும்தான் கடிகாரம். இரண்டாவது, இடத்தை முன்கூட்டியே பழக்குவது.

இந்த இரண்டாவதற்கு நம்மிடம் ஜெர்மனியில் இல்லாத வசதி இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடி என்பது நம் கிராமங்களில் நிலைத்துவிட்ட ஓர் இடம். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். பல ஊர்களில் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கின்றன. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதையும் அறிவீர்கள். இருந்தும், அந்தச் சுவரைத் தாண்டி ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அங்கன்வாடிப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பு அறைக்குள் அழைத்துவந்து, "இதுதான் உங்க இடம், இதுதான் பாத்ரூம், இவங்கதான் டீச்சர்" என்று காட்டுகிற பள்ளிகள் எத்தனை? துறைகள் இரண்டு, அது சமூக நலம், இது பள்ளிக் கல்வி. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நடுவில் இருப்பது பத்தடி தூரம்தான்.

பெயரைப் பற்றி ஒரு சிறு விஷயம். பிறந்ததிலிருந்து 'குட்டி', 'பாப்பா', 'தம்பி' என்றே அழைக்கப்பட்ட பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் நீளமான ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை அது முதன்முதலாகக் கேட்பது வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போதுதான். ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராது. "காது கேக்கலையா?" என்ற மூன்றாவது குரலில் வகுப்பே திரும்பிப் பார்க்கும். சேர்க்கைப் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் வைத்திருக்கிறோம். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

இனி இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கழிப்பறை. அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசுகிற பொருளா இது என்று சிலர் நெளியலாம். ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்வையிட என்னை அழைத்துப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சுவர் ஓவியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். அறை இருட்டு. தாழ்ப்பாள் அதன் தலைக்கு மேலே இருக்கிறது, எட்டாது. எட்டினாலும், போட்டால் திறக்க வராதோ என்று பயம். குழி பெரியவர்களின் அளவுக்குப் பதித்தது. கால் வழுக்கி உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயம். இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் முட்டிமோதிக்கொண்டு நிற்பார்கள். சின்னப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதற்குள் மணி அடித்துவிடும். வகுப்புக்கு வந்த பிறகு கேட்டால், "இப்பத்தானே இன்டர்வெல் விட்டேன்?" இப்படிக் கேட்கிற ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, ஒருவரை விட்டால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள் என்பது அவருடைய அனுபவம். முதல் இரண்டு வாரம் பத்துப் பேரும் எழுந்து நிற்கத்தான் செய்வார்கள். கேட்டால் எப்போதும் விடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, தேவைப்படுகிறவர்கள் மட்டுமே எழுவார்கள். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் கூட்டம் சேர்க்கிறது.

அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும் என்று குழந்தை மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். அதைவிடத் தந்திரமான வழியையும் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கவென்றே தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள்; பிறகு நம் பக்கமும் அந்தப் பேச்சு வந்தது. நல்லதுதான். ஆனால் போவதற்கு இடம் சரியில்லாமல் குடிப்பதற்கு மட்டும் மணி அடித்தால், பிள்ளை குடிப்பதுபோல் பாவனைதான் செய்யும்.

தனியார் மழலையர் பள்ளிகளில் இதற்கு மேல் ஒரு சுங்கச்சாவடி. "மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால்தான் அனுமதி. ஆங்கிலப் பழக்கம் வர வேண்டுமாம். மூன்றரை வயதுக் குழந்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரியாத மொழியின் வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிப் பார்க்கிறது. அதற்குள் கால்சட்டை நனைந்துவிடுகிறது. மற்ற பிள்ளைகள் சிரிக்கின்றன. பெற்றோரை வரவழைத்து, "இன்னும் டாய்லெட் டிரெய்னிங் ஆகலையே" என்று சொல்கிறார்கள். ஆங்கிலம் எந்த வழியாகவும் வரட்டும்; சிறுநீர்ப்பை வழியாக வர வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கும் இதே கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியாவோ இந்தியோ வங்காளமோ பேசுகிற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நரிக்குறவர் பிள்ளைக்கு வீட்டில் வாக்ரிபோலி. இவர்களுக்குத் தமிழே அந்தச் சுங்கச்சாவடி ஆகிவிடாமல் இருக்க, சுண்டு விரலை உயர்த்தினால் போதும் என்று ஓர் ஏற்பாடு எல்லா வகுப்பிலும் இருக்கலாம். நாம் படித்த காலத்தில் இருந்ததுதான்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், இதற்கும் இன்னும் பெரிய ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று வகுப்பெடுக்கிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைக்கிறோம். பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். புகாரை எழுதி உள்ளே போடலாம். பெரிய பிள்ளைகளுக்கு அது உதவும். எழுதவே தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதற்கு வேண்டியது ஓர் ஆள். அந்த ஆள் தலைமையாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சத்துணவுக் கூடத்து ஆயாவாக இருக்கலாம், அங்கன்வாடி உதவியாளராக இருக்கலாம், பக்கத்து வீட்டு நாலாம் வகுப்பு அக்காவாகவும் இருக்கலாம். பிள்ளைதான் அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, நாம் அல்ல. "உனக்கு எதுனா ஒண்ணுன்னா இங்க யார்கிட்ட சொல்லுவ?" என்று ஜூலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். யார் பெயரும் சொல்லத் தெரியாத பிள்ளைகள்தாம் நாம் உடனே கவனிக்க வேண்டியவர்கள்.

ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லவே பயப்படுகிற பிள்ளை, ஒருவர் தன்னிடம் தவறாக நடந்தார் என்று எப்படிச் சொல்லும்? கை கட்டி, வாய் பொத்தி, பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளையை நாம் 'நல்ல பிள்ளை' என்று மெச்சுகிறோம். தீங்கு செய்ய நினைப்பவனுக்கும் அதே பிள்ளைதான் வசதி.

கட்டடப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரைக் கொட்டகை, குறுகலான படி, சமையல் தீ. அதன் பிறகு பள்ளிகளில் கூரை வேய்வது நின்றது. உரிமம், சான்றிதழ், ஆய்வு எல்லாம் வந்தன. காவிரிக் கரைக்காரர்களான எங்களுக்கு அந்த ஜூலை இன்னும் ஆறவில்லை. இதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை. ஒன்று மட்டும். தீயணைப்புச் சான்றிதழ் அலுவலக அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டி, கையைப் பிடித்து நடத்திப் பழக்கியிருக்கிறோமா? பயமுறுத்தாமல், விளையாட்டுபோல, மாதம் ஒருமுறை செய்துவிடலாம்.

அச்சம் நம் கல்வி மரபில் தற்செயலாக வந்தது அல்ல. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை விவரிக்கும்போது பிரம்பும் தண்டனையும் கூடவே வருகின்றன. அவர் அவற்றைப் புகாராகச் சொல்லவில்லை, அன்றாடச் செய்தியாகச் சொல்லிப் போகிறார். அன்றைய உலகம் அது. அதே திண்ணைப் பள்ளியில் இன்னொன்றும் இருந்தது. 1790களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அந்தப் பள்ளியில் நடத்தி, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் 1797இல் அதைப் பற்றி எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பரவியது. மணலில் எழுதுவதில் ஒரு பெரிய வசதி: தப்பானால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. சிவப்பு மை அங்கே இல்லை. இன்று ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரே அறையில் உட்கார வைப்பதை நாம் குறையாகவே பேசுகிறோம். ஆசிரியருக்கு அது சுமைதான். ஆனால் புதிதாக வந்த பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டைப் பிடித்துக் கொடுக்க ஒரு மூன்றாம் வகுப்பு அக்கா கிடைக்கிறாள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு ஓரளவு போய்விட்டது. அதன் இடத்தில் வாய் வந்து உட்கார்ந்துகொண்டது. "உங்க அண்ணன் எப்படிப் படிச்சான், நீ ஏன் இப்படி?" "இது தேறாது." "போய் கடைசியில உக்காரு." இவற்றுக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? இதில் ஆசிரியரின் அச்சமும் கலந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. நடைமுறையில் பல வகுப்புகள், பல பதிவேடுகள், பார்வையிட வரும் அதிகாரிகள். காலையில் பிள்ளை உள்ளே நுழைகிறபோது அதன் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். சிக்னல் வேறு கிடைக்காது. பயந்துபோன ஆசிரியரால் பயமில்லாத வகுப்பை நடத்த முடியாது.

தப்பைப் பற்றிய பயத்தைப் போக்க இந்த மாநிலம் ஒருமுறை மிகத் துணிச்சலாக ஒன்றைச் செய்து பார்த்தது. செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமாரின் முன்முயற்சியில், ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கினார்கள். 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பின்வரிசையில் இருக்கும் என் பழைய சக ஆசிரியத் தோழிகள் சிரிப்பது தெரிகிறது. பாட அட்டைகளை அடுக்கி அடுக்கி முதுகு ஒடிந்தவர்கள் நாம். அட்டை கிழியும், தொலையும், 'புத்தகமே இல்லாம என்ன படிப்பு, சீட்டு விளையாடுறான்' என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். குறைகள் இருந்தன. ஆனால் அந்த அறையின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கரும்பலகை ஆசிரியரின் உயரத்தில் இல்லை. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தார். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் எல்லாப் பிள்ளைகளின் ஓவியமும் தொங்கும், நன்றாக வரைந்தவர்களுடையது மட்டும் அல்ல. வந்ததும் தன் வருகையைத் தானே பதிவு செய்துகொள்ள ஓர் அட்டவணை. எல்லாவற்றையும் விட, ஏணிப்படி. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கிற படியிலிருந்து ஏறும். அம்மை வந்து பதினைந்து நாள் வராமல் போன பிள்ளை திரும்பி வந்தால், வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற திகில் இல்லை. விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் ரேங்க்கும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை.

2025இல் இருக்கைகளை 'ப' வடிவில் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, ஒரு மலையாளப் படத்தைப் பார்த்து வந்த புது யோசனைபோல ஊரே விவாதித்தது. கழுத்து வலிக்குமா வலிக்காதா என்று தொலைக்காட்சியில் பட்டிமன்றம் வேறு. கடைசி வரிசை இல்லாத வகுப்பறையை நாம் இருபது வருடத்துக்கு முன்பே பாய் போட்டு நடத்தியாயிற்று. நாம் எதையும் தொடங்குவதில் சளைத்தவர்கள் அல்லர். தொடங்கியதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்தார்கள். அதன் அடியில் பழைய ஏணிப்படியின் மரம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால், "நீ இன்னும் அரும்புதானா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அரும்பும் ரேங்க் ஆகிவிடும்.

சோற்றின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கியது, காமராஜரின் மதிய உணவாக 1956இல் மாநிலத்துக்கு விரிந்து, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவாக மாறியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. இதை எல்லாரும் ஊட்டச்சத்துக் கணக்கில் பேசுகிறார்கள், வருகைப் பதிவுக் கணக்கில் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. முன்பெல்லாம் பிள்ளை வீட்டிலிருந்து நேராக வரிசைக்குள், பிரார்த்தனைக்குள், வருகைப் பதிவேட்டுக்குள் விழும். இப்போது அது முதலில் ஒரு தட்டின் முன்னால் உட்காருகிறது. பக்கத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டே கிச்சடியோ பொங்கலோ சாப்பிடுகிறது. பாடத்துக்குள் நுழையும் முன் பள்ளிக்குள் நுழைய அதற்கு அரைமணி நேரம் கிடைக்கிறது. பத்து மணிக்கு வரும் 'வயித்த வலிக்குது டீச்சர்' பாதியாகக் குறைந்ததாக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பசி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

அந்தத் தட்டின் முன்னாலும் நம் ஊர் தன் முகத்தைக் காட்டத் தவறவில்லை. 2023இல் சமைக்கிற பெண்ணின் சாதியைக் காரணம் காட்டி, சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்த செய்திகள் வந்தன. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொங்கலில் என்ன குறை என்று எப்படிப் புரியும்? யாரோ ஒருவரைப் பார்த்து அருவருக்க வேண்டும் என்பது மட்டும் புரியும். இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு, தன்னைப் பார்த்து அருவருக்கிறார்கள் என்பது புரியும். நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் இருக்கக் கூடாது, சாதியைச் சுட்டி எந்தப் பிள்ளையையும் அழைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது, இன்னின்னார் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பு நடுவே கேட்கும் வழக்கம் எத்தனை தலைமுறையைத் தலைகுனிய வைத்தது என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கே தெரியும். எழுந்து நின்ற பிள்ளைக்கு அதற்குப் பிறகு எத்தனை 'உன்னால் முடியும்' சொன்னாலும் ஏறாது.

பெற்றோரையும் விட்டுவைக்கக் கூடாது. வீட்டில் சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், "இரு, உங்க டீச்சர்கிட்ட சொல்றேன்" என்கிறோம். பள்ளியில் சேட்டை செய்தால், "உங்கப்பாகிட்ட சொல்றேன்" என்கிறார் டீச்சர். பூச்சாண்டி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பிள்ளைக்கு ஒதுங்க இடம் இல்லை. மாலையில் வந்ததும் முதல் கேள்வி, "என்ன சொல்லிக் குடுத்தாங்க, ஒப்பி பாக்கலாம்." அதற்குப் பதிலாக, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன சாப்பிட்டாய், இன்று யார் அழுதார்கள் என்று கேட்டால் கதை கதையாக வரும், அந்தக் கதைகளுக்குள்தான் நமக்கு வேண்டிய தகவல் எல்லாம் இருக்கும். ஆண்டு விழா மேடையில் ஏறி நடுங்காமல் பேசுவதற்கு ஐந்து வயதில் தனிப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். பேசாத பிள்ளை எல்லாம் பயந்த பிள்ளை அல்ல. சில பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆகஸ்ட் வரை வாய் திறக்க மாட்டார்கள். திறக்கிற அன்று மற்ற பிள்ளைகளின் பாட்டு, சண்டை, டீச்சரின் நடை எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்துக் காட்டுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டாம். ஆகஸ்ட் வரைக்கும் விட்டுவைத்தால் போதும்.

கடைசியாக, இங்கே இருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜூன் முதல் நாள் வகுப்புகளைப் பிரிக்கும்போது ஒன்றாம் வகுப்பை யாருக்குக் கொடுக்கிறீர்கள்? பெரும்பாலும் புதிதாக மாறுதலில் வந்தவருக்கு, அல்லது மறுக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு. அனுபவமுள்ளவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் 'ரிசல்ட்' தெரியும். இதைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் பள்ளியில் யார் அறைக்குள் நுழைந்தால் பிள்ளைகளின் சத்தம் குறையாமல் முகம் மட்டும் மலர்கிறதோ, அவருக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுங்கள். முதல் மாதம் அவரைக் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் வெளியே அனுப்பாதீர்கள். பிள்ளைகள் ஒரு முகத்தைப் பழகிக்கொண்டிருக்கும்போது அந்த முகம் நாலு நாள் காணாமல் போகக் கூடாது.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். சொற்பொழிவாளருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, மதிப்பூதியம் என்று ஒரு தொகை ஒதுக்குகிறீர்கள். இந்த ஆண்டுக்கான என் பங்கை, இக்கல்லூரிக்கு அருகில் உள்ள தொடக்கப் பள்ளியின் கழிப்பறைக்குக் கொடுத்துவிடுங்கள். தாழ்ப்பாளை இரண்டரை அடி உயரத்துக்கு இறக்க வேண்டும். உள்ளே ஒரு விளக்கு, சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஆசாரி எவ்வளவு கேட்பார் என்று விசாரித்துவிட்டேன். தொகை போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.